தண்டவாளம் பெயர்ந்தது, தடமும் பெயர வேண்டுமா?

வேப்பனப்பள்ளியில் பிறந்து வளரும் சிறுவன் ஒருவன் தன் ஊர்க்கு அண்மையில் தொடர்வண்டி ஓடக் காண விரும்பின், அவன் தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டுதல் வேண்டும். கிழக்கே உள்ள குப்பம் ஆந்திரத்தைச் சார்ந்தது. வடக்கே உள்ள காமசமுத்திரமும் பங்காருப்பேட்டையும் கருநாடகத்தைச் சார்ந்தவை. மாவட்டத்தின் மேற்கோரத்தில் ஓசூரும் இராயக்கோட்டையும், தென்கிழக்கோரத்தில் சாமல்பட்டியும் நிலையங்கள் பெற்றுள்ளன. ஆயின், 2004-ஆம் ஆண்டு முதல் மாவட்டத் தலைநகராய் விளங்கும் கிருட்டிணகிரிக்கு நிலையம் இல்லை. தலைநகர்க்கே இல்லாதபோது, அதற்கு வடக்கே எல்லையோரத்தில் கிடக்கும் ஊர்கட்கு எங்கிருந்து வரும்?

இவ்வின்மை இயற்கையன்று, தொன்றுதொட்டு இருந்ததும் அன்று. கிருட்டிணகிரிக்கு இருப்புப்பாதை இருந்தது. நிலையம் இருந்தது, பொறிவண்டி நீர் பிடிக்கவும், பெட்டிகளைப் பிரித்துக் கோக்கவும், சரக்கேற்றவும் இடமமைந்த முற்றம் இருந்தது. 1905-ஆம் ஆண்டில் வந்த அப்பாதை ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்தபின் பெயர்த்தெடுக்கப்பட்டது. பெயர்த்தவர்கள் அயலார். பெயர்த்தபின் எஞ்சியதை மறந்தவர்களோ நம்மவர்.

அப்பாதை வந்த வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய கொடும்பஞ்சத்தை முதியோர் 'தாது வருசப் பஞ்சம்' என்று வழங்குவர். அதில் மிகக் கொடிதாய் அடிபட்ட நிலங்களுள் பழைய சேலம் மாவட்டமும் ஒன்று. கிருட்டிணகிரி, தருமபுரி, ஓசூர், திருப்பத்தூர் வட்டங்கள் அனைத்தும் அன்று அம்மாவட்டத்துள் அடங்கியிருந்தன. கடற்கரையில் கூலம் வந்திறங்கியும் உள்நாட்டில் மக்கள் மாண்டனர். கூலத்தை இழுத்துச் செல்ல வேண்டிய மாடுகளே தீனியின்றி மடிந்தன. 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆய்வுக்குழு, வறள்நிலங்களைப் பஞ்சத்தினின்று காக்க இருப்புப்பாதைகள் இடப்பட வேண்டுமென ஆங்கில அரசுக்கு எடுத்துரைத்தது. அவ்வுரையின் வழிவந்தவையே இம்மாவட்டத்துச் சிறுபாதைகள். திருப்பத்தூரினின்று கிருட்டிணகிரிக்கு 1905-இல் ஒன்று. மொரப்பூரினின்று தருமபுரிக்கு 1906-இல் ஒன்று. பின்னது 1913-இல் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை வழியாய் ஓசூர் வரை நீட்டப்பெற்றது. இவற்றை அருளின் விளைவெனக் கொள்ளுதல் வேண்டா. பஞ்சம் வந்தபின் கஞ்சித்தொட்டி வைப்பதினும், வருமுன் தண்டவாளம் இடுவது செலவு குறைந்தது என்ற கணக்கே அவற்றை ஈன்றது. எனினும், ஈன்ற கணக்கு எதுவாயினும், பிறந்த பிள்ளை நம் மண்ணில் தவழ்ந்தது.

பாதையின் அகலம் இரண்டரை அடி. இன்றைய அகலப்பாதை ஐந்தரை அடி என்பதை ஒப்புநோக்கினால் இதன் சிறுமை புலப்படும். அகலம் குறையக் குறையக் கரை ஒடுங்கும், தண்டவாளம் மெலியும், வளைவு இறுகும், செலவு சுருங்கும். குன்றும் பாறையும் மிடைந்த இப்பகுதியில், பாறையை உடைக்காமல் வளைந்துபோக அச்சிறுமையே ஏற்றதாயிற்று. திருப்பத்தூர்–கிருட்டிணகிரித் தொலைவு ஏறத்தாழ 25 மைல். இந்த 25 என்னும் எண்ணை அன்பர்கள் நினைவிற் கொள்க. பின்னர் வேறொரு நாட்டைப் பற்றிப் பேசுங்கால் அது மீண்டும் வரும்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. போர்க்களங்கட்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது. ஊதியம் குறைந்த கிளைப்பாதைகள் எங்கெங்கு உள்ளன என்று ஆங்கில அரசு பட்டியலிட்டது. 1941, 1942-ஆம் ஆண்டுகளில் கிருட்டிணகிரிப் பாதையும் ஓசூர்ப் பாதையும் பெயர்க்கப்பட்டன. இதே காலத்தில் மதுரை–போடிப் பாதையும் பெயர்க்கப்பட்டது. சேர நாட்டு நிலம்பூர்ப் பாதையும் பெயர்க்கப்பட்டது. ஆயின் அவ்விரண்டும் 1954-ஆம் ஆண்டளவில் மீண்டும் இடப்பட்டன. போடிப் பாதை 2010-இல் அகலப்படுத்துதற்கென மூடப்பட்டு, 2023-இல் மறுபடியும் போடி வரை வண்டி கண்டது. போடியார்க்குக் கிடைத்தது கிருட்டிணகிரியார்க்கு ஏன் கிடைக்கவில்லை? போடியின் ஏலக்காய் வணிகர் கேட்டனர். நிலம்பூரின் தேக்கு கேட்டது. கிருட்டிணகிரியின் புன்செய் உழவன் வாய் திறந்து கேட்கும் நிலையில் அன்று இல்லை. 1960-களில் சேலத்தினின்று தருமபுரி, ஓசூர் வழியாய்ப் பெங்களூர்க்குப் பாதை வந்தபோதும் அது கிருட்டிணகிரி நகரைத் தொடாமலே சென்றது. மொரப்பூர்–தருமபுரி இணைப்புக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1906-இல் இருந்த பாதையைத் திரும்பப் பெறுதற்கு, நிலத்தைப் புதிதாய் அளந்து, புதிதாய் விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை இன்று நேர்ந்துள்ளது. தடத்தைக் காவாது விட்டதன் விலை இது.

தண்டவாளத்தைப் பெயர்த்தால் பாதை முற்றும் அழிந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. இரும்பு போகும், மண் போகாது. மேட்டில் வெட்டிய வாய்க்கால் போன்ற அகழ்வும், பள்ளத்தில் கொட்டிய கரையும், ஓடையின்மேல் கட்டிய சிறுபாலத்தின் கல் தோளும் நெடுங்காலம் நிற்கும். வயல்வெளியில் காரணமின்றி நேர்கோடாய் ஓடும் ஒரு மேடு, திடீரென ஒரே சீரான வளைவில் திரும்புமாயின், அஃது உழவன் வெட்டிய வரப்பன்று. பொறியாளன் வரைந்த வளைவு என்று உணரலாம். மாட்டுவண்டித் தடம் மரத்தைக் கண்டு விலகும். இருப்புப்பாதைத் தடம் எதைக் கண்டும் விலகாது. இவற்றையெல்லாம் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். நடுகல்லைப் படிக்கத் தெரிந்த கண்கள் இம்மாவட்டத்தில் உண்டு. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும், புலியொடு பொருது வீழ்ந்தவனுக்கும் கல் நட்ட நிலம் இது. அக்கற்களைத் தேடி ஊர் ஊராய் அலைந்து படியெடுத்த அறிஞர்களைத் தமிழுலகம் அறியும். நூறாண்டு முன்பு இங்கே கரை கொட்டி, கல் உடைத்து, கட்டை தாங்கி மடிந்த கூலியாளுக்கு மட்டும் கல் இல்லை. அவன் கொட்டிய கரையே அவனுக்கு நடுகல். அதனை மண்ணெடுக்கும் ஊர்திகள் நாளும் கரைத்துக்கொண்டிருப்பின், கேட்பார் யார்?

இரும்பைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பர்கூர்க்கு அண்மையில், தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்தவற்றை ஆய்ந்து, அங்கு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்கின்றது என்று 2022-ஆம் ஆண்டு மேத் திங்களில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. திருப்பத்தூர்க்கும் கிருட்டிணகிரிக்கும் இடைப்பட்ட நிலந்தான் அது. நாலாயிரம் ஆண்டுக்கு முன் இரும்பைக் கையாண்ட மண்ணில், வெள்ளையன் தன் இரும்பைக் கொண்டுவந்து இட்டான். வேண்டியபோது எடுத்துச் சென்றான். முன்னதைத் தோண்டிக் கண்டு பெருமை கொள்கின்றோம்; முறையே. பின்னதன் சுவட்டை ஏன் காணாது விடுகின்றோம்? நாலாயிரம் ஆண்டு ஆனால்தான் வரலாறு, நூறாண்டு ஆனதெல்லாம் வெறும் புறம்போக்கு என்று எவர் வரையறுத்தது?

இனி, மீட்டமைத்தல் என்பது யாது என்ற வினாவுக்கு வருவோம். இதில்தான் நம் நாட்டில் பெருங்குழப்பம் நிலவுகின்றது. நிலையத்தின் வாயிலில் ஒரு மேடை கட்டி, ஓய்ந்த பொறிவண்டி ஒன்றைத் தூக்கி வைத்து, கறுப்பும் சிவப்பும் பூசி, சுற்றிலும் சங்கிலி கட்டிவிட்டால் மரபைக் காத்தாயிற்று என்று கருதுகின்றனர். மூடப்படாத புகைபோக்கி வழியே மழைநீர் இறங்கி உள்ளிருக்கும் இரும்பை அரிக்கின்றது. வெளியே ஆண்டுதோறும் வண்ணம் புதிது. உள்ளே ஆண்டுதோறும் துரு புதிது. பிணத்திற்குப் பட்டுடுத்துவது போன்றது இது.

கட்டடங்களிலும் இதே கூத்துத்தான். பழைய நிலையங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக்காரையும் கொண்டு எழுந்தவை. சுண்ணாம்புக்காரை ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. வாங்கிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமிட்டியைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லின் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சில ஆண்டுகளில் சுவர் பழையபடி நிற்பதினும் கேடுற்று நிற்கும். அப்பொழுது 'பழைய சுவர் வலுவிழந்தது' என்று சான்றெழுதி இடித்துவிடுவர். இடித்தவன் குற்றமற்றவன், சுவரே குற்றவாளி! கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த கொத்தர்களின் வழித்தோன்றல்கள் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். அவர்களை அழைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சென்னை இராயபுரம் நிலையம் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தென்னாட்டின் முதல் பயணியர் வண்டி புறப்பட்ட இடம். நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த அக்கட்டடம் 2005-இல் செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. நன்றே. தூண்கள் நிமிர்ந்தன, முகப்பு பொலிந்தது. ஆயினும் ஒரு நிலையத்தின் பெருமை அதன் முகப்பில் மட்டும் இல்லை. பின்னால் விரிந்த முற்றத்தில் இருக்கின்றது. கொட்டகை, சாம்பல் குழி, நீர்த்தூண், நிலக்கரி மேடை, சுழல்மேடை, தடம் மாற்றும் நெம்புகோல்கள், கைகாட்டி மரங்கள் ஆகிய இவையே தொடர்வண்டியின் அடுக்களை. மாளிகையின் கூடத்தைக் காத்து அடுக்களையை இடித்தால், அங்கு மாந்தர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை எதிர்காலம் எதைக் கொண்டு அறியும்? சுழல்மேடை ஒன்றையே எடுத்துக்கொள்க. பல டன் எடையுள்ள பொறிவண்டியை அதன்மேல் நிறுத்தி, நடு அச்சின்மேல் எடை சமன்படச் செய்துவிட்டால், இரண்டு மூன்று பேர் தோள் கொடுத்தே அதனைத் திருப்பிவிடலாம். அச்சமன்பாட்டை நூலில் படித்து உணர்வது வேறு. தோளால் உணர்வது வேறு. மீட்டர்ப் பாதைகள் அகலமாக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் முற்றங்களினின்று இத்தகைய மேடைகளும் நீர்த்தூண்களும் பழைய இரும்பாய் எடை போட்டு விற்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டில் வண்டி ஓடும் மீட்டர்ப் பாதை நீலமலைப் பாதை ஒன்றே.

அந்நீலமலைப் பாதைதான் மீட்டமைப்பு என்பதன் உண்மைப் பொருளைக் காட்டுவது. மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் திறக்கப்பெற்ற 46 கிலோமீட்டர் பாதை. 16 குகைவழிகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல்தண்டவாளம் உண்டு. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி ஏறும் செங்குத்தில், பொறியின் பல்லுருளை அப்பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும். யுனெசுக்கோ 2005-இல் இதனை உலக மரபுச்செல்வமாய் ஏற்றது. சிறப்பு அவ்வேற்பில் இல்லை. சுவிட்சர்லாந்தில் வார்த்துக் கொண்டுவந்த பழைய பொறிகள் தேய்ந்தபோது, அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு வேறு வண்டி ஓட்டலாம் என்று விடவில்லை. திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் அதே வகைப் பொறியைப் புதிதாய்க் கட்டினர். 2011 முதல் எண்ணெயெரித்து ஓடும் பொறிகள் பொன்மலையினின்று மலையேறின. 2021-இல் நிலக்கரியெரிக்கும் பொறியும் அங்கே கட்டப்பெற்றது. உலகின் பெரும்பாலான நாடுகள் நீராவிப் பொறி கட்டும் கலையை மறந்துவிட்ட காலத்தில், 1928-இல் திறக்கப்பெற்ற ஒரு தமிழ்நாட்டுப் பணிமனையின் கைகள் அதனை மறக்கவில்லை.

இதற்கு ஓராண்டு முன்னர் பெரம்பூரில் நிகழ்ந்ததும் இவ்வகையினதே. கிழக்கிந்திய இருப்புப்பாதைக் குழுமத்தின் 21-ஆம் எண் பொறி 1855-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. நூறாண்டுக்கு மேல் வடநாட்டில் காட்சிப்பொருளாய் மேடையேறி நின்றது. அதனைப் பெரம்பூர்ப் பணிமனையார் இறக்கி, அழிந்த உறுப்புகளைத் தாமே செய்து பொருத்தி, 2010-இல் நீராவியால் ஓட்டிக் காட்டினர். மேடையினின்று இறங்கித் தண்டவாளத்தில் ஓடியது பிணம் எழுந்து நடந்தது போன்றதே. ஆகவே, ஆற்றல் நம்மிடம் இல்லை என்ற பேச்சு எடுபடாது. பொன்மலையிலும் பெரம்பூரிலும் இருக்கும் ஆற்றல், கிருட்டிணகிரியின் இரண்டரை அடித் தடத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதே குறை.

பெயர்த்தெடுத்த பாதையை மீண்டும் இடுதல் கனவு என்பார்க்கு, முன்னர்க் குறித்த 25 மைலை நினைவூட்டல் வேண்டும். இங்கிலாந்தின் மேற்கே வேல்சு என்றொரு சிறுநாடு உண்டு. பெருமொழி ஒன்றின் நிழலில் தன் மொழியைக் காத்துக்கொண்டிருக்கும் மக்கள் அவர்கள். தமிழர் அறிய வேண்டிய மக்கள். அந்நாட்டு மலைகளில் கற்பலகை வெட்டியெடுத்துத் துறைமுகம் சேர்க்கச் சிறுபாதைகள் எழுந்தன; இரண்டடி அகலமே உடையவை. கார்நார்வனை அடுத்த டினாசுக்கும் போர்த்மடோக்குக்கும் இடையே 1923-இல் நிறைவுற்ற வேல்சு மேட்டுநிலப் பாதை, ஊதியமின்றி 1930-களில் ஓய்ந்தது. போர் வந்தது. 1941-இல் அதன் தண்டவாளங்களைப் போர்க்கெனப் பெயர்த்தனர். ஆண்டும் அதுவே, கரணியமும் அதுவே, பெயர்த்த அரசும் அதுவே! அவர்கள் தடத்தை விடவில்லை. தடத்தின் நிலம் யார்க்கு உரியது என்று நீண்ட காலம் வழக்காடினர். 1997-இல் முதற்பகுதியில் வண்டி ஓடியது. விடுமுறை நாள்களில் ஊதியம் பெறாது வந்த தொண்டர் கைகளும் கூடித் தண்டவாளம் இட்டன. தென்னாப்பிரிக்காவில் ஓடி ஓய்ந்த பெரும்பொறிகளை வாங்கி வந்தனர். 2011-இல் போர்த்மடோக் வரை 25 மைலும் முழுமையுற்றது. பெயர்த்த எழுபதாம் ஆண்டில் பாதை மீண்டது! அந்நாட்டிலேயே 1951-இல் தல்-அ-லின் பாதையைத் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினர். உலகில் தொண்டர் நடத்தும் முதல் இருப்புப்பாதை அஃது. அங்கே கற்பலகை, இங்கே கருங்கல். அங்கே செய்தது இங்கே இயலாது என்பதற்கு மண்ணிலோ கல்லிலோ ஏது இல்லை.

எதிருரை ஒன்று எழும், அது புறந்தள்ளத்தக்கதன்று. 'விடியுமுன் எழுந்து, கூட்டம் நெரியும் பேருந்தில் நின்றபடியே ஓசூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் வேப்பனப்பள்ளி இளைஞனுக்கு வேண்டியது அகலப்பாதையும் விரைவண்டியுமா, விளையாட்டு வண்டியா?' என்று கேட்பர். ஐயமின்றி அகலப்பாதையே வேண்டும். இரண்டில் ஒன்றே கிடைக்குமெனின், பழம்பாதையை விட்டுப் புதுப்பாதையையே கேட்டல் முறை. வயிற்றுக்குச் சோறு தேடுவானைப் பழம்பெருமை கொண்டு தடுத்தல் தகாது. ஆயின் இரண்டும் ஒன்றையொன்று தின்னும் பொருள்களல்ல. நடுவணரசின் முன் 'எங்கட்கும் பாதை கொடுங்கள்' என்று இரப்பவன் குரலுக்கும், 'இருந்த பாதையை எடுத்தீர்கள். திருப்பித் தருக' என்று கேட்பவன் குரலுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது வேண்டுகோள், பின்னது உரிமை. அவ்வுரிமைக்குச் சான்று எங்கே என்று கேட்டால் காட்டக் கரை வேண்டும். பாலத்தின் கல் வேண்டும். முற்றத்தின் சுவர் வேண்டும். சான்றையெல்லாம் மண்ணெடுப்பவனுக்கும் மனை விற்பவனுக்கும் விட்டுவிட்டு, வெறுங்கையுடன் வழக்குரைக்க முடியுமா? சுற்றுலாப் பணம் வருமென்று சிலர் காட்டும் ஆசையை இங்கு எழுப்ப வேண்டா, வந்தால் வரட்டும்.

முற்றத்தை மீட்பார் சுவரையும் தண்டவாளத்தையும் மட்டும் மீட்டால் போதாது. அங்கு வழங்கிய சொற்களையும் மீட்டல் வேண்டும். தண்டவாளம் என்பதும் கைகாட்டி என்பதும் எந்தப் புலவரும் அறையில் அமர்ந்து ஆக்கிய சொற்களல்ல. கையை நீட்டியும் மடக்கியும் வண்டிக்கு வழிசொல்லும் மரத்தைக் கண்ட பொதுமக்கள், 'கைகாட்டி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். அதனினும் செறிந்த கலைச்சொல்லை எந்தக் குழு கூடி ஆக்கமுடியும்? சல்லி, சம்மட்டி, கடப்பாரை, கொட்டாப்புளி எனத் தடப்பணியாளர் நாவில் வாழ்ந்த தமிழ் மிகப் பெரிது. குறுக்குக்கட்டையை அவர்கள் 'சிலீப்பர் கட்டை' என்றதும் உண்மையே. தனித்தமிழ் விரும்புவார் இத்தகைய கலப்பைக் கண்டு முகஞ்சுளித்து, அம்முதியவர்களைக் கேளாது விடுதல் பெருந்தவறு. முதலில் அவர்கள் சொன்னபடியே அனைத்தையும் எழுதிக்கொள்க. களைவதும் கொள்வதும் பின்னர். ஒலியிழைநாடா காணாத தலைமுறை போயிற்று. நீராவிக் காலத்தில் கரி தள்ளியவர்கள் இன்று மிக முதியவர்கள். அவர்கள் சொற்கள் அவர்களோடு போகும் நாள் தொலைவில் இல்லை. மூன்று மொழிகள் ஒலிக்கும் இவ்வெல்லையோரத்தில், மீட்கப்படும் எந்த நிலையத்தின் பெயர்ப்பலகையும் விளக்கப்பலகையும் தமிழில் முதலாவதாகவும் பிழையின்றியும் இருத்தல் வேண்டும் என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

கருநாடகத்தாரைப் பாருங்கள். எலகங்காவுக்கும் சிக்குபள்ளாபுரத்துக்கும் இடையே மைசூர் அரசின் காலத்தில் எழுந்த சிறுபாதை நிலையங்களில், நந்தி முதலியவற்றை அண்மை ஆண்டுகளில் மரபு காப்பாளர் செப்பனிட்டு வருகின்றனர். அப்பாதை எப்பொழுதோ அகலமாகிவிட்டது. இருந்தும் பழைய ஓட்டுக்கூரையும் கல்சுவரும் இருக்கட்டுமென்று அவர்கள் எண்ணினர். வேப்பனப்பள்ளியினின்று பார்த்தால் அது தொலைதேசமன்று, அண்டை வீடு. அண்டை வீட்டான் தன் பாட்டன் பெட்டியைத் துடைத்து வைக்கின்றான். நாமோ பெட்டி இருந்த இடத்தையே காட்ட இயலாதிருக்கின்றோம்.

செய்ய வேண்டியவை பெரியனவல்ல. திருப்பத்தூர் முதல் கிருட்டிணகிரி வரை 25 மைல் தடத்தையும் பள்ளி மாணவரும் ஆசிரியருமாய் நடந்து, எஞ்சிய கரை, பாலம், கட்டடம் ஒவ்வொன்றையும் குறித்துப் படம்பிடித்தல் ஒன்று. நெருக்கமான ஊர்க்குழுக்கள் பகுதி பகுதியாய்ப் பிரித்துக்கொண்டால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும் வேலை இது. கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களோடு இவ்விருப்புப்பாதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டல் மற்றொன்று. அடுத்து, கிருட்டிணகிரியின் அருகே அரைமைல் அளவேனும் இரண்டரையடித் தடம் இட்டு, சிறு முற்றம் ஒன்றை முறைப்படி அமைத்தல். இதற்கு வேண்டிய பொருள்கள் கிடையா என்பதும் பொய். இதே அகலத்தில் கால்கா–சிம்லா மலைப்பாதை 1903 முதல் இன்றளவும் ஓடுகின்றது. சாத்பூராப் பகுதியின் இரண்டரையடிப் பாதைகள் 2015-இல் அகலமாக்குதற்கென மூடப்பட்டன. நாகபுரியில் இச்சிறுபாதைகட்கென்றே 2002 முதல் அருங்காட்சியகம் உண்டு. தென்னாட்டின் பஞ்சப்பாதை ஒன்றுக்கு ஒரு பொறியும் இரண்டு பெட்டிகளும் தருக என்று தொடர்வண்டித்துறையைக் கேட்பதில் இழிவில்லை. கரைக்கும் சிறுபாலத்துக்கும் வேண்டிய கருங்கல்லும், அதனைச் செதுக்கும் கைகளும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. கல்லைப் பளபளக்க இழைத்து அயல்நாட்டார் வீட்டுத் தளத்துக்கு ஏற்றும் மாவட்டம், தன் பழம்பாலத்துக்கு நான்கு கல் தரமாட்டாதா?

இவை அனைத்துக்கும் முன்னே செய்தற்குரியது ஒன்றுண்டு. வருவாய்த்துறையின் ஊர்க் கணக்குகளில், 'அ' பதிவேட்டில், ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகையினது என்று எழுதப்பட்டிருக்கும். பழைய தடம் சென்ற ஊர்களில் எந்தெந்த எண்கள் இருப்புப்பாதைப் புறம்போக்கு என்று முன்பு எழுதப்பட்டிருந்தன, அவை இன்று என்ன பெயரில் நிற்கின்றன, எவை கைமாறின, எவை வெறுநிலமாய்க் கிடக்கின்றன என்று வரிசையாய்ப் படியெடுத்தல் வேண்டும். இதற்கு நடுவணரசின் ஒப்புதல் வேண்டா. கோடிக்கணக்கில் பணமும் வேண்டா. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி பத்து உருபா கட்டி விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓர் இளைஞனும், வட்டாட்சியர் அலுவலகத்து மரப்பலகையில் சில நாள் காத்திருக்கும் பொறுமையும் போதும்.